நின்ற இடத்தில் கிழிந்த காற்சட்டை

பிளேடின் முனை தையலுக்குள் நுழைந்தது. இழை இழையாக அறுத்துக்கொண்டே போக, கட்டைவிரல்கள் இரண்டும் துணியைப் பதமாகப் பிரித்தன. அணிவகுப்புக் காற்சட்டை கவட்டில் ஒரு சாண் நீளத்துக்கு வாயைப் பிளந்து கிடந்தது.

"சீக்கிரம்க்கா. இன்னும் ஒரு மணி நேரத்துல மைதானத்துல நிக்கணும்," என்றாள் தங்கை, இடுப்பில் போர்வையைச் சுற்றிக்கொண்டு. படைப்பிரிவை அவள் முன்நின்று நடத்தப்போவது இதுதான் முதல் தடவை. கடைசி ஒத்திகையில் இப்படி ஆகிவிட்டது.

படைமுகாமுக்குப் பின்னால் இரண்டே அறைகளில் சீருடை தைப்பவள் அக்கா. பழைய சட்டைகளைப் பிரித்துப் பிரித்தே தொழில் பழகியவள். முகாமில் பாதிப் பேரை அவளுக்கு முகத்தைவிட இடுப்பளவால்தான் தெரியும். தைத்ததைப் போட்டு நடக்கவிட்டுப் பார்க்காமல் கொடுக்கமாட்டாள். இதைத் தைத்தபோது தங்கையையும் அப்படித்தான் நடக்கவிட்டுப் பார்த்திருந்தாள். நிதானமாகக் காலை நீட்டி வைக்கும் ஸ்லோ மார்ச், விறுவிறுவென்ற குயிக் மார்ச், ஓட்டமாகவே போகும் டபுள் மார்ச். ஒரு நூல்கூட அசையவில்லை.

"எதுலடி கிழிஞ்சது? டபுள்லயா?"

"மார்க் டைம்ல."

அக்காவின் கை நின்றது. மார்க் டைம் என்றால், நின்ற இடத்திலேயே தாளம் தப்பாமல் காலை மாற்றி மாற்றித் தூக்கி வைப்பது. எங்கேயும் போகாத நடைதானே என்று அதை மட்டும் பார்க்காமல் விட்டிருந்தாள்.

"ஒரு அடிகூட நகராமலே கிழிச்சிருக்கியே மச்சினி, பெரிய ஆளுதான்," என்றார் இஸ்திரிப் பெட்டியைச் சூடேற்றிக்கொண்டிருந்த அக்காவின் கணவர்.

"நீங்க பெட்டியப் பாருங்க மாமா."

"அவர விடு. செஞ்சு காட்டு," என்றாள் அக்கா.

தங்கை முழங்காலைத் தூக்கினாள். தொடை தரைக்கு இணையாக வந்து நின்றது. அக்கா குந்தி உட்கார்ந்து, பின்பக்கம் அளவுநாடாவை ஓட்டினாள். அவள் முகம் மலர்ந்தது.

"பிடிபட்டுருச்சு. எட்டி வச்சா கால் விரியுது, அவ்வளவுதான். இதுல முழங்கால் பின்பக்கத் துணி மொத்தத்தையும்ல இழுக்குது!"

கால் மடிப்புக்குள் விட்டிருந்த துணியிலிருந்து சாய்சதுரமாக ஒரு துண்டு வெட்டி, தையல்கள் கூடும் இடத்தில் பொருத்தினாள். மிஷின் படபடத்தது. தெருவில் முரசுச் சத்தம்.

"பாண்டு வாத்தியம் கெளம்பிடுச்சுக்கா."

"கெளம்பட்டும். போட்டுக்கிட்டு வா."

உள்ளே போய் மாட்டிக்கொண்டு வந்தவளுக்கு அக்காவே ஆணையிட்டாள்: "மார்க் டைம்." மேஜைமேல் கத்தரிக்கோல் குதித்தது. "இன்னும் மேல. இன்னும்." தையலருகே காதைக் கொண்டுபோனாள். நூல் முனகவே இல்லை.

"ஹால்ட். கழட்டு."

மாமா இப்போது கேலி பேசவில்லை. மடிப்பு விறைத்து நிற்கும்படி அழுத்தித் தேய்த்தார். தொங்கிய நூலை அக்கா பல்லால் கடித்தெடுத்து, சூடு ஆறாத காற்சட்டையைத் தங்கையின் நீட்டிய கைகளில் வைத்தாள்.