பத்தாவது இடம்

என் அக்கா வீட்டுக்காரர் டைல்ஸ் தொழிற்சாலையில் தரம் பிரிப்பவர். சூளையிலிருந்து வரும் ஒவ்வொரு டைலையும் இடது கையில் ஏந்தி, வலது கை விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டுவார். ‘ணங்’ என்றால் முதல் தரம். கொஞ்சம் மந்தமாகக் கேட்டால் இரண்டாம் தரம். ‘டொக்’ என்றால் உள்ளே விரிசல், நேராக உடைப்புத் தொட்டிக்குப் போகும். முப்பத்தோரு வருடமாக இதே வேலை. அப்படிப்பட்ட மனிதர் வீட்டுக்கு வந்த பிறகு மட்டும் சும்மா இருப்பாரா?

கல்யாணமான மூன்றாம் நாள் அக்கா டீ போட்டுக் கொடுத்தாள். அத்தான் ஒரு வாய் குடித்துவிட்டு, “ரெண்டாம் தரம்” என்றார். மனதில் எதுவும் வைத்துக்கொண்டு சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது. “அப்ப முதல் தரத்த நீங்களே போட்டுக் குடிங்க” என்றாள் அக்கா. அன்றிலிருந்து இன்றுவரை அந்த வீட்டில் டீ போடுவது அத்தான்தான். அக்காவுக்கும் சேர்த்து.

டீக்குத் தரம் சொல்வது போனாலும் பாட்டுக்குத் தரம் சொல்வது அவர் கையில் இருந்தது. கேசட்டுகள் கொடிகட்டிப் பறந்த அந்தப் பத்து வருடத்தில் வந்த ஆல்பங்களில் தலைசிறந்த பத்தை வரிசைப்படுத்தி, பெரிய எழுத்தில் எழுதி, பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்திருந்தார். புடவை எடுக்கும்போதெல்லாம் அக்கா அதைப் படித்தாக வேண்டும். யாரும் கேட்கவில்லை, எந்தப் பத்திரிகையும் போடவில்லை. ஆனால் ஒரு நாட்டின் சட்டத்தை எழுதியவர்கூட அவ்வளவு கறாராக எழுதியிருக்க மாட்டார். ஒரு ஆல்பத்தை ஏழு நாள், நாளுக்கு ஒரு முறை, முதலிலிருந்து கடைசிவரை கேட்க வேண்டும். கேட்கும்போது வீட்டில் பேச்சு கூடாது, குக்கர் விசில் கூடாது. ஒவ்வொரு முறை கேட்டதற்கும் நோட்டில் ஒரு புள்ளி. ஏழாவது புள்ளி வைத்த பிறகுதான் தீர்ப்பு, அதுவும் ஒரே வரி. சொந்தக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் நீதிபதி. அவர் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார்.

அந்தப் பட்டியலில் பத்தாவது இடத்தில் இருந்தவன் நான்.

சிரிக்க வேண்டாம். இன்று மிக்சியும் மின்விசிறியும் பழுது பார்த்தாலும், ஒரு காலத்தில் நானும் பாடகன்தான். எட்டுப் பாட்டு, ஒரு ஆர்மோனியம், ஒரு தபேலா, ஒரே ஒரு கேசட். சொந்தபந்தம், சிநேகிதர்கள் தாண்டி அது எங்கும் போகவில்லை. ஆனால் நீதிபதி ஏழு முறை கேட்டார். எட்டு மாதம் கழித்து என்னைப் பத்தாவது இடத்தில் போட்டார். ‘குரலில் இளமை இருக்கிறது, ஆழம் இல்லை’ என்று நோட்டில் எழுதினார். முதல் பாதியை நான் ஊர் முழுக்கச் சொன்னேன். கடை விசிட்டிங் கார்டில் ‘மிக்சி, கிரைண்டர், மின்விசிறி’க்குக் கீழே ‘பத்தாண்டின் தலைசிறந்த பத்து ஆல்பங்களில் ஒன்றைப் பாடியவர்’ என்று அச்சடித்தேன். யார் தேர்ந்தெடுத்த பத்து என்று இதுவரை எந்த வாடிக்கையாளரும் கேட்டதில்லை. இரண்டாவது பாதிதான் இருபது வருடமாக உள்ளே குத்திக்கொண்டிருந்தது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். என் கணக்கில் என் குஞ்சுக்கு நாலாவது இடமாவது கொடுத்திருக்க வேண்டும்.

போன மே மாதம் அவருடைய டேப் ரிக்கார்டரின் பெல்ட் அறுந்தது. அதுவரை என்னை அதன் பக்கமே விட்டதில்லை. “நீ மிக்சி ரிப்பேர் பண்றவன் மாப்ளே, இது சங்கீதம்” என்பார். வேறு வழியில்லாமல் போர்வையில் சுற்றி, கைக்குழந்தையைத் தூக்கி வருவதுபோலக் கடைக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

புது பெல்ட் போட்டேன். ஓட்டிப் பார்க்க ஒரு மணி நேரக் கேசட்டைப் போட்டேன். ஒரு பக்கம் முப்பது நிமிடம் ஓட வேண்டும். இருபத்தெட்டில் முடிந்துவிட்டது. மறுபடி ஓட்டினேன், அதே இருபத்தெட்டு. பின்பக்கம் பிரித்துப் பார்த்தால், மோட்டாரின் வேகத்தை மாற்றுகிற திருகின்மேல் காய்ந்துபோன சிவப்பு நகப்பூச்சு. யாரோ ஒரு மெக்கானிக் வேகத்தைக் கூட்டிவிட்டு, திருகு அசையாமலிருக்கப் பூசியிருக்கிறான். அத்தான் அதை வாங்கியதே செகண்ட் ஹேண்டில். ஆக, அந்தப் பத்து வருடமும் அவர் கேட்டதெல்லாம் ஓட்டமும் நடையுமான பாட்டு. அத்தனை பாடகர்களும் சுருதியில் அரைக்கட்டைக்குக் கொஞ்சம் கூடவே மேலே பாடியிருக்கிறார்கள்.

எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்ல! வேகம் கூடினால் குரல் மெலியும். மெலிந்தால் ஆழம் எங்கிருந்து வரும்? குறை என் தொண்டையில் இல்லை, மோட்டாரில். நகப்பூச்சைச் சுரண்டினேன், திருகைத் திருப்பினேன், முப்பது நிமிடத்தில் கொண்டுவந்து நிறுத்தினேன். பிறகு அக்காவுக்குப் போன் போட்டேன்.

“சரி பண்ணிட்டேல்ல, பேசாம குடுத்துட்டுப் போ” என்றாள். “வேலியில போற ஓணானப் பிடிச்சு ஏண்டா வேட்டிக்குள்ள விட்டுக்கற? அந்த மனுஷன் இதக் கேட்டா தூங்க மாட்டாரு.”

“உண்மைன்னு ஒண்ணு இருக்குல்லக்கா.”

“உனக்கு எந்த வயசுலடா உண்மை மேல ஆசை வந்துச்சு?”

சொல்லிவிட்டேன். கடைக்கு வந்தவர், கேட்டவுடன் வாடிக்கையாளர் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“எல்லாமேவா?”

“எல்லாமே அத்தான்.”

“பத்து வருஷமும்?”

“பத்து வருஷமும்.”

தன் வலது கை விரல் முட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்கே ஒரு நிமிடம் பாவமாக இருந்தது. பிறகு எழுந்து, “அப்ப திரும்பக் கேக்கணும்” என்றார்.

சேர்ந்திருந்த லீவை எல்லாம் எடுத்தார். பத்து ஆல்பம், ஏழு முறை. கிட்டத்தட்ட மூன்று மாதம் அக்கா என்னைத் திட்டாத நாளில்லை. “இன்னிக்கும் குக்கர் வைக்க முடியல, நல்லா இருப்படா நீ” என்று காலையில் போன் வரும். நான் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. விசிட்டிங் கார்டு அச்சகத்துக்குப் போய், ‘பத்தாண்டின் தலைசிறந்த ஆல்பங்களில்’ என்பதற்குப் பிறகு எண் போட மட்டும் இடம் விட்டு வைக்கச் சொன்னேன். நாலு வரும் என்று எனக்குத் தெரியும். மூன்று வந்தாலும் ஆச்சரியப்படக் கூடாது என்று என்னைத் தயார்படுத்திக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூப்பிட்டு அனுப்பினார். பீரோ கதவு திறந்திருந்தது. புதுத் தாள். ஒன்றிலிருந்து ஒன்பதுவரை ஒரு மாற்றமும் இல்லை, அதே பெயர்கள், அதே வரிசை.

“எல்லாருக்கும்தானே அரைக்கட்டை எறங்குது” என்றார் அத்தான்.

நாலில் என் பெயர் இல்லை. மூன்றிலும் இல்லை. மேலிருந்து கீழ் இரண்டு தரம் பார்த்தேன். பத்து என்ற எண்ணுக்கு எதிரே ஒரு கோடு மட்டும் இருந்தது.

“இது என்னது?”

“காலி.”

“வேற யாரையாவது போட்டிருக்கலாமே!”

“தகுதியா ஒண்ணும் கெடைக்கல. அதான் ஒம்பதோட நிறுத்திட்டேன்.”

“குரல்ல இளமை இருக்குன்னு நீங்கதானே எழுதினீங்க?”

“அது மோட்டாரோடது மாப்ளே.”

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டவன் முகத்தைப் பார்க்க வேண்டாமென்று அக்கா வெளியே வராமல் இருந்திருக்க வேண்டும். எனக்கு மானம், வெட்கம் எல்லாம் போய்விட்டது.

“ஸ்க்ரூடிரைவர் பையிலதான் இருக்கு. வேணும்னா பழையபடி திருப்பி வச்சிரவா அத்தான்?”

அவர் கோபப்படவில்லை. உண்மையாகவே யோசித்தார்.

“வைக்கலாம். ஆனா நான் கேட்டுட்டேனே.”

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. முழுதாகக் கேட்டிருக்க மாட்டார், மூன்றாம் நாளே தீர்ப்பு எழுதியிருப்பார், கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று மேசைமேல் இருந்த புது நோட்டைப் பிடுங்கிப் பிரித்தேன். முதல் ஒன்பது பக்கங்களிலும் பெயருக்குக் கீழே ஏழு ஏழு புள்ளிகள். என் பக்கத்தில் புள்ளிகள் ஒரு வரி தாண்டி அடுத்த வரிக்கும் போயிருந்தன. எண்ணினேன். பத்தொன்பது.

“எதுக்கு இத்தனை?”

அத்தான் என் முகத்தைப் பார்க்காமல் பீரோ கதவைச் சாத்தினார். “எப்படியாவது உன்ன உள்ள வச்சிரலாம்னு பாத்தேன் மாப்ளே. முடியல.”

என்னைப் பெற்றவள்கூட அந்தக் கேசட்டை இரண்டு முறைக்கு மேல் கேட்டதில்லை.