அத்தை இருக்காங்கன்னு சொன்ன பொய்

அக்கா, பேய் பிசாசுன்னு யாராவது பேச்சு எடுத்தாலே எந்திரிச்சுப் போற ஆளு நான். நீங்க இப்ப சிரிச்சாலும் சிரிங்க, ஆனா இது எனக்கு நடந்தது.

கரமனையில மாடி வீட்டுல வாடகைக்கு இருந்தோம். பாப்பா பொறந்ததுல வேலைய விட்டவ, திரும்பப் போகணும்னு ஒரு கம்பெனிக்கு அப்ளிகேஷன் போட்டிருந்தேன், ஆன்லைன்ல இன்டர்வியூ, நல்ல பட்டப்பகல். அவர் ஆபீஸ்ல. பாப்பாவைப் பக்கத்து ரூம்ல தொட்டில்ல தூங்க வச்சிட்டு, வாசக்கதவைத் தாப்பா போட்டுட்டு, ஹெட்போனை மாட்டிக்கிட்டு உக்காந்தேன்.

இன்டர்வியூ எடுத்தது ஒரு மலையாளி மேடம். ஒரு வார்த்தை குடுப்பாங்களாம், அதுல உள்ள எழுத்தை மாத்தி அடுக்கணும், ஒரே எழுத்து அடுத்தடுத்து வரக்கூடாது, அதுக்குக் கம்ப்யூட்டர் கோட் எழுதணும். எனக்குக் கையே ஓடல. மடியில போனை வச்சு ஏஐகிட்ட கேட்டேன், அது மளமளன்னு தந்துச்சு. நானே யோசிக்கிற மாதிரி மூஞ்சிய வச்சுக்கிட்டு அதைப் பாத்துப் பாத்து டைப் அடிக்கிறேன்.

அப்பதான் பாப்பா அழுதா. அழுகைன்னா அழுகை, ஹெட்போனைத் தாண்டிக் கேக்குது. மேடமே, "போய்ப் பாத்துட்டு வாங்க, சாரமில்ல, பரவால்ல, நான் இருக்கேன்"னாங்க. எந்திரிச்சா மடியில உள்ள போன் தெரிஞ்சிரும்லா. "அத்தை இருக்காங்க மேடம், பாத்துக்கிடுவாங்க"ன்னுட்டேன். எங்க அத்தை, அவரோட அம்மா, மார்த்தாண்டத்துல இருக்காங்க. வீட்டுல நானும் பிள்ளையும்தான்.

பிள்ளை வீறிடுறா, நான் டைப் அடிச்சிக்கிட்டே இருக்கேன். சட்டுனு அழுகை நின்னுச்சு. மேடம் லேசா சிரிச்சிட்டு, "உங்க அத்தை நல்லாப் பாடுறாங்களே"ன்னாங்க.

எனக்கு ஒரு பாட்டும் கேக்கலக்கா. அப்பவாவது ஓடியிருக்கணுமா இல்லியா? ஓடல. மிச்சம் இருந்த கோட் எல்லாத்தையும் அடிச்சு, அவங்க கேட்டதுக்கெல்லாம் போனைப் பாத்துப் பதில் சொல்லி, தேங்க்யூ சொல்லி முடிச்சிட்டுதான் எந்திரிச்சேன்.

தொட்டில் காலி. பாப்பா கீழ பாயில, துணி சுத்தி, சுகமா தூங்குறா. அவ நனைச்ச துணி அலசிப் பிழிஞ்சு ஜன்னல் கம்பியில கிடக்கு, தண்ணி சொட்டுது. ஓடிப்போய் வாசக்கதவைப் பாத்தேன், போட்ட தாப்பா போட்டபடியே இருக்கு. அத்தைக்குப் போன் போட்டா, "என்ன மக்கா, பிள்ளைக்கு மேலுக்கு முடியலியா?"ன்னு மார்த்தாண்டத்துல இருந்து கேக்குறாங்க.

வேலை கிடைச்சிருச்சு. அவர்கிட்ட சொன்னதுக்கு, "டென்ஷன்ல நீயே மாத்திப் போட்டுட்டு மறந்திருப்ப"ன்னாரு. இருக்கும்னு நானும் சொல்லிப் பாத்தேன். போனைப் பாத்து எழுதினதை மட்டும் அவர்கிட்ட இன்னிக்கு வரைக்கும் சொல்லல.

இப்ப வீடும் மாத்திட்டோம். பாப்பா நடக்க ஆரம்பிச்சிட்டா. விழுந்தா, அழுதா, நான் கையை நீட்டிக்கிட்டு முன்னாடியே நிப்பேன், என்னைப் பாக்கவே மாட்டா. எனக்குப் பக்கத்துல, யாருமே இல்லாத இடத்தைப் பாத்து ரெண்டு கையையும் தூக்குவா.