வலி இல்லீங்க என்ற கேப்டன்

என் பீரோவில், மகளின் ஸ்வெட்டருக்கு அடியில், ஒரு நீல நிற முழங்கால் உறை இருக்கிறது. ஓரத்து நூல் பிரிந்துவிட்டது. ஒட்டுப்பட்டையைப் பிரித்தால் மட்டும் இன்றும் அதே 'சர்ர்' சத்தம். அதைப் போட்டிருந்தவர் ஸ்காட்லாந்துக்காரர். திருமணத்துக்கு முன் பெங்களூரில் ஒரு கால்பந்து அணிக்கு நான் பிசியோதெரபிஸ்டாக இருந்தேன். அந்த அணியின் கேப்டன் அவர்.

கடலோரச் சிற்றூரில் பிறந்தவர். பதினெட்டு வயதில் அங்கே ஒரு பெரிய கிளப் வேண்டாமென்று அனுப்பிவிட, பந்தாட இடம் கிடைத்த நாட்டுக்கெல்லாம் போனார். நார்வே, சைப்ரஸ், தாய்லாந்து, கடைசியில் எங்களிடம். சொந்த ஊரில் தன்னை யாருக்கும் நினைவிருக்காது என்று சிரித்தபடி சொல்வார். போன இடத்திலெல்லாம் அவர் முதலில் கற்றுக்கொண்டது ஒரே வாக்கியம்: 'வலி இல்லை.' வெளிநாட்டுக்காரனுக்கு முழங்காலில் வலி என்று தெரிந்தால், அடுத்த வருடம் அவன் இடத்தில் வேறொருவன் இருப்பான்.

அணியின் சட்டை, பூட்ஸ், பந்துகளைப் பார்த்துக்கொண்ட அண்ணன் பாப்பிரெட்டிப்பட்டிக்காரர். நானும் அதே தருமபுரிப் பக்கம், காரிமங்கலம் என்று தெரிந்ததும் கேப்டனுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்துவிட்டார். ஒருநாள் என் மேசையில் காலை நீட்டிப் படுத்தவர், "வலி இல்லீங்க" என்றார், எங்கள் ஊர் இழுப்போடு. வாசலில் நின்ற அண்ணன், "எப்படி தங்கச்சி நம்மாளு? அடுத்த வாரம் சந்தைக்கே அனுப்பிடலாம்" என்றார்.

சிரிப்பு வந்தது, நம்பிக்கை வரவில்லை. ஒற்றைக் காலில் குதிக்கச் சொன்னால் குதிப்பார். பாதம் தரையில் படும் நொடியில் தாடை இறுகும். சீசன் முடியப்போகிறது, அதோடு அவர் ஒப்பந்தமும். ஆடலாமா கூடாதா என்று அணியின் டாக்டர் என்னைத்தான் கேட்பார். சரி என்றால் மூட்டு போய்விடுமோ, வேண்டாம் என்றால் ஒரு மனுஷனின் பிழைப்பைக் கெடுத்தவளாவேனோ என்று பயம். ஆட்டத்துக்கு முந்தின நாள் கேட்டே விட்டேன்: "உண்மையாகச் சொல்லுங்கள், எங்கே வலிக்கிறது?" அவர் அண்ணனைக் கூப்பிட்டு, வலி இருந்தால் தமிழில் எப்படிச் சொல்வது என்று கேட்டார். அந்த வாக்கியத்தை எந்த நாட்டிலும் அவர் கற்றிருக்கவில்லை. மூட்டுச் சில்லுக்குக் கீழே விரல் வைத்து, "இங்க வலிக்குதுங்க" என்றார்.

என் பயம் பாதி அங்கேயே இறங்கிவிட்டது. அந்த ஆட்டத்தில் அவரை உட்கார வைத்தோம். வெளியிலிருந்தே தொண்டை கிழியக் கத்தினார். அடுத்த ஆட்டத்துக்கு முன் "வலி இல்லீங்க" என்றபோது நம்பினேன். முழு ஆட்டமும் ஓடினார். இன்னொரு வருட ஒப்பந்தமும் கிடைத்தது. அது முடிந்து ஊருக்குப் போகும்போது இந்த உறையை என் மேசையில் விட்டுப்போனார்.

போன மாதம் என் நான்கு வயது மகள் கட்டிலிலிருந்து குதித்ததில் கால் எலும்பில் விரிசல். முந்தாநாள் தருமபுரியில் மாவுக்கட்டைப் பிரித்து, எக்ஸ்ரே பார்த்து, நடக்க விடுங்கள் என்றார்கள். நான் விடவில்லை. வலிக்கிறதா என்று கேட்கும்போதெல்லாம் "இல்ல" என்றாள். விளையாடும் ஆசையில் சொல்கிறாளோ? இடுப்பை விட்டு இறக்கவே இல்லை. "ஃபாரின்காரனையே ஓட வுட்டவ, இவள எறக்கி வுட மாட்டேங்கற" என்றார் கணவர்.

இன்று காலை பீரோவைத் திறந்தபோது, இடுப்பிலிருந்தபடியே அந்த உறையை உருவி எடுத்துக்கொண்டாள். கட்டிலில் உட்கார வைத்ததும் இரண்டு கால்களையும் ஒன்றாக அதற்குள் நுழைத்தாள். இந்த முறை கேள்வியை மாற்றினேன்.

"எங்கடா கண்ணு வலிக்குது?"

கணுக்காலுக்கு மேலே, கட்டு உரசித் தோல் சிவந்திருந்த இடத்தைக் காட்டினாள். "இங்க எரியுது."

"நின்னா வலிக்குமா?"

"நின்னாத்தானேம்மா தெரியும்?"

சர்ரென்று பட்டையைப் பிரித்தேன். அவள் கட்டிலிலிருந்து சறுக்கி இறங்கினாள். பாதம் தரையில் பட்ட நொடியில் நான் காலைப் பார்க்கவில்லை, தாடையைப் பார்த்தேன். இறுகவில்லை.