ஏலக்காரர் பேசாமல் இருந்த வாரம்

மொத்தக் காய்கறிச் சந்தையில் ஏலம் கூறுகிறவருக்கு முதல் என்று இருப்பது தொண்டை ஒன்றுதான். தராசுகூட முதலாளியுடையது. நம் ஏலக்காரர் அந்த முதலைத் துளியும் சிக்கனம் பார்க்காமல் செலவழித்தவர். விடிவதற்குள் மூட்டைகளின் மேல் ஏறி நின்று தொண்டை கிழியக் கத்துவார். வீட்டுக்கு வந்தாலும் அதே சுருதிதான். இவர் உப்புக் கேட்டால் அடுத்த தெருவிலிருந்து யாராவது எடுத்துக்கொண்டு ஓடி வருவார்கள் என்று மனைவி கேலி செய்வாள்.

அக்காவோடு பேச்சு நின்றுபோனதும் அந்தச் சத்தத்தால்தான். அத்தானின் அலுவலகப் பெரியவர்கள் சாப்பிட வந்திருந்த அன்று இவர் பந்தியில் உரக்கக் கதையளக்க, அக்கா எல்லோர் முன்னாலும், "இது உன் மார்க்கெட் இல்லடா, மெதுவா பேசு" என்றாள். வந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். சாப்பிட்ட கையைக்கூடக் கழுவாமல் எழுந்து போனவர்தான். அதற்குப் பிறகு வருஷக்கணக்கில் பேச்சுவார்த்தை இல்லை. அம்மாவும் அப்பாவும் போன பிறகு தன் ரத்தம் என்று மிச்சமிருந்தது அந்த அக்கா ஒருத்திதான். அது தெரிந்தும் முறுக்கிக்கொண்டு திரிந்தார். வீம்பு என்றால் அப்படி ஒரு வீம்பு.

பிறகு தொண்டை கரகரத்தது. கரகரப்பு முற்றி, கடைசியில் வெறும் காற்றுதான் வந்தது. காது மூக்கு தொண்டை டாக்டர் ஒரு கேமராவை உள்ளே விட்டுப் பார்த்து, குரல்நாணில் ஒட்டிக்கொண்டிருந்த சின்னக் கட்டியைத் திரையில் காட்டினார்.

"கெட்ட கட்டி மாதிரி தெரியல, பயப்படாதீங்க. மயக்கம் குடுத்து, வாய் வழியா ஒரு குழாயை வெச்சு லேசர்ல எடுத்துடலாம். வெளியில ஒரு கீறல்கூட இருக்காது. ஆனா அப்புறம் ஒரு வாரம் வாயே திறக்கக் கூடாது. கிசுகிசுன்னுகூடப் பேசக் கூடாது, அது இன்னும் கெடுதல்."

"இவரா? ஒரு வாரமா?" என்றாள் மனைவி. "ஆபரேஷனே தேவலையே டாக்டர்!"

எல்லாம் நல்லபடியாக முடிந்தது. லேசர் தவறிப் பட்டுவிடக் கூடாது என்று முகத்தின் மேல் ஈரத்துணி போட்டிருந்தார்கள் என்று நர்ஸ் சொன்னதுதான் அவருக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து கண்ணாடியில் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு பிளாஸ்திரிகூட இல்லாதது அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகவே இருந்தது.

அந்த வாரத்தின் நடுவில், மனைவி மருந்துக் கடைக்குப் போயிருந்த நேரம், கதவு தட்டும் சத்தம் கேட்டது. திறந்தால் அக்கா நிற்கிறாள். ஆபரேஷன் விஷயம் எதுவும் அவளுக்குத் தெரியாது. முட்டிவலியோடு மாடிப்படி ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது. இவர் ஒன்றும் சொல்லாமல் போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

"நாலு பேர் முன்னாடி உன்னை அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுடா. தப்பு என் மேலதான். நமக்கும் வயசாயிடுச்சு. இன்னும் எத்தனை நாளைக்கு இப்படி இருக்கிறது?"

அவருக்கு எழுந்துவிடலாமா என்றிருந்தது. ஆனால் மனசின் ஒரு மூலையில் அந்தப் பழைய வீம்பு சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தது. பேச வேண்டாம் என்று டாக்டரே சொல்லிவிட்டார், இதைவிட நல்ல சாக்கு கிடைக்குமா? கொஞ்சம் தவிக்கட்டும், குரல் வந்ததும் நானே கூப்பிட்டுப் பேசிக்கொள்கிறேன் என்று நினைத்தார். நினைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தார்.

"வான்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டியாடா?"

அவர் சுவரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அக்கா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கிப் போனாள். அக்கா வந்து போனதை அவர் மனைவிக்குக்கூடத் தெரிவிக்கவில்லை.

வாரம் முடிந்ததும் டாக்டர் பேசச் சொன்னார். வந்த குரல் அவருக்கே புதுசாக இருந்தது, அவ்வளவு தெளிவு. வீட்டுக்கு வந்த கையோடு போனை எடுத்தார்.

"அக்கா."

"யாருங்க?"

"நான்தான்கா. உன் தம்பி."

"குரல் வேற மாதிரி இருக்கே."

கட்டி, லேசர், டாக்டர் போட்ட கட்டளை எல்லாவற்றையும் கடகடவென்று சொல்லி முடித்தார். "அதான்கா அன்னிக்குப் பேச முடியல. தப்பா நினைச்சுக்காத."

"வலிச்சுதாடா?"

"இல்லக்கா."

"கழுத்துல ஒரு கட்டுகூட இல்லையே. எனக்கு எப்படித் தெரியும்?" அக்காவின் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் அவருக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும். "சரி, ஆபரேஷன் தொண்டைக்குத்தானே. கைக்கு என்னடா ஆச்சு? உக்காருன்னு ஒரு நாற்காலியைக் காட்டக் கூடாதா? வந்ததுலேர்ந்து நின்னுக்கிட்டேதான்டா இருந்தேன்."

அவர் வாயைத் திறந்தார். குரல் இருந்தது. சொல்லத்தான் ஒன்றும் இல்லை. அக்கா கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுப் போனை வைத்துவிட்டாள்.