வெளியூர் போனவர்கள்

பால் உற்பத்தி, சிமென்ட் விலை என்று கணக்குப் போட்டுக்கொண்டு கிடந்த புள்ளிவிவர அலுவலகத்துக்குப் போர் வந்ததும் மவுசு கூடிவிட்டது. இயக்குநர் நாற்காலியில் ஒரு மேஜர் வந்து உட்கார்ந்தார். மெஷினில் படிப்பதற்காக விவரங்களை அட்டையில் துளைகளாகப் பதியும் பிரிவில் அங்கே வேலை பார்த்த அவள் கைதான் வேகம். "அக்கா, மெஷினுக்குக் கொஞ்சம் மூச்சு விட நேரம் குடுங்க" என்று பக்கத்து மேசைக்காரி கிண்டல் செய்வாள்.

இறந்த சிப்பாய்களின் எண்ணிக்கை மேஜரின் கண்ணை உறுத்தியது. உடல் கிடைக்காதவர்களை எல்லாம் 'வெளியூர் சென்றவர்' என்று பதியச் சொல்லிவிட்டார். மனசாட்சியைத் துடைத்துப் போட்ட உத்தரவு. எல்லோரும் சொன்னபடியே துளை போட்டார்கள், அவளும்தான்.

ஒருநாள் போருக்குப் போயிருந்த தம்பியின் படை எண், உடல் கிடைக்காதவர் பட்டியலில் அவள் மேசைக்கே வந்தது. அம்மா போன பிறகு அவள் சோறூட்டி வளர்த்தவன். பட்டியலை எடுத்துக்கொண்டு மேஜரிடம் போனாள்.

"கூட இருந்தவன் கண்ணால பார்த்ததா வீட்டுக்கு எழுதியிருக்கான் சார். ஆத்து வெள்ளம் உடம்பை அடிச்சிட்டுப் போயிடுச்சு."

"உடம்பு இல்லைல்ல? உங்க தம்பிக்கு மட்டும் தனிச் சட்டமாம்மா?"

திரும்பி வந்து தம்பியின் அட்டையில் 'வெளியூர் சென்றவர்' துளையைத் தானே போட்டு, வழக்கம்போல் ஓரத்தில் தன் கையெழுத்தையும் போட்டாள். வேறொருத்தி கைபட வேண்டாம் என்று மனதுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டாள். உண்மையில் வேலை போய்விடுமே என்ற பயம். தான் துளை போட்டதை வீட்டில் யாரிடமும் மூச்சு விடவில்லை.

போர் முடிந்தது. அலுவலகம் தடிமனாக ஒரு போர் வரலாறு போட்டது, முன்னுரை மேஜருடையது. மாண்டவர் வரிசையில் தம்பி இல்லை. அவன் மனைவி இறப்புச் சான்றிதழுக்காக ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கினாள். "ஊருக்குப் போனவர் திரும்பி வருவாரும்மா" என்று அவன் அட்டையை எடுத்துக் காட்டி, வாய் கூசாமல் அனுப்பி வைத்தார்கள். அவளை மணக்க ஒருவர் முன்வந்தார். புருஷன் உயிரோடு இருப்பதாகக் கணக்கு சொல்கிறதே, பதிவாளர் எப்படி ஒத்துக்கொள்வார்? காத்திருந்து பார்த்துவிட்டு அந்த மனிதர் வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டார்.

அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு ஒரு பெண் வீட்டுக்கு வந்தாள். தம்பி மனைவி கதவோரம் நின்று பதில் சொன்னாள். அக்காக்காரி உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"உங்க வீட்டுக்காரர்?"

"வெளியூர் போயிருக்கார்."

"எந்த ஊருங்க?"

"எனக்குத் தெரியாதும்மா. உள்ள அவரோட அக்கா இருக்காங்க, கேட்டுக்கோங்க. அனுப்பி வச்சது அவங்கதான்."