கோயில் மேடையில் விழுந்த செருப்பு

தொண்ணூறுகளின் கடைசியில், சித்திரை மாதம் ஒரு மத்தியான வேளையில், கோவில்பட்டியில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டில்தான் இது ஆரம்பித்தது. அன்று பொழுது சாய்வதற்குள் பக்கத்துக் கிராமத்து அம்மன் கோயில் கொடைத் திருவிழாவில் முடிந்தும் போனது. பிள்ளைகளா, நீங்கள் படிப்பதற்காக நான் எதையும் கூட்டியோ குறைத்தோ எழுதவில்லை. நடந்தது நடந்தபடி.

நான் அப்போது ஒரு நூல் மில்லில் ஷிப்டு வேலை பார்த்தேன். படிப்பு எட்டாவதோடு சரி. ஆனால் கிட்டார் மட்டும் கையை விட்டுப் போகவில்லை. எங்கள் ஊர் இன்னிசைக் குழுவில் பேஸ் கிட்டார் வாசிப்பேன். பேஸ் கிட்டார் என்றால் நாலே நாலு தடித்த கம்பி. பாட்டுக்கு அடியில் தும் தும் என்று கேட்டுக்கொண்டே வருமே, அந்தச் சத்தம். அத்தோடு, பழைய கிட்டாரோ, அதன் சத்தத்தைப் பெரிதாக்கும் ஆம்ப் பெட்டியோ விலைக்கு வந்தால் வாங்கிச் சரிசெய்து விற்பதும் உண்டு.

பழைய சாமான் வாங்கி விற்பவனுக்குச் சந்தேகம் தானாக ஒட்டிக்கொள்ளும். கழுத்து விரிசலை மக்கு வைத்து அடைத்துப் பெயிண்ட் அடித்திருப்பார்கள். கம்பியின் அதிர்வைப் பிடித்து ஆம்புக்கு அனுப்பும் நல்ல பிக்கப்பைக் கழற்றிவிட்டு மட்டமானதை வைத்திருப்பார்கள். இதைவிட மோசமான ஒன்றையும் பார்த்திருந்தேன். வேறொரு குழுவின் கச்சேரியில், பாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே ஒருவர் போலீஸோடு மேடையேறி, "இது என் வீட்ல களவு போன கீபோர்டு" என்று தூக்கிப்போனார். காசு கொடுத்து வாங்கிய எங்கள் நண்பர் ஸ்டேஷனுக்கும் வீட்டுக்கும் நடையாக நடந்தார். அதிலிருந்து, எதையாவது விற்க வருகிறவர் முகத்தைப் பார்த்தாலே எனக்குத் திருடன் முகமாகத்தான் தெரியும்.

அந்த வாரம் பார்த்து என் கிட்டாரின் கழுத்து உடைந்துபோயிருந்தது. கொடைக் கச்சேரிக்குள் வேறு கிட்டார் தேற்றாவிட்டால் மதுரையிலிருந்து ஆள் கூப்பிட்டுக்கொள்வதாகக் குழுத் தலைவர் சொல்லிவிட்டார். கச்சேரி அன்று மத்தியானம்தான் தூத்துக்குடியிலிருந்து ஒருவர் ஆட்டோவில் வந்து இறங்கினார். மியூசிக் கடையில் விசாரித்து வந்தாராம். ஒரு பேஸ் கிட்டார், ஒரு ஆம்ப். கப்பலில் வேலை கிடைத்துவிட்டது, அதனால் கொடுக்கிறேன் என்றார். எனக்கு உடனே, கேட்பதற்கு முன்னாலேயே காரணம் சொல்கிறாரே என்று உறுத்தியது.

அதைவிட ஒன்று என் மனைவிக்கு உறுத்தியது. அவர் ரப்பர் செருப்பைக் கழற்றாமலே வீட்டுக்குள் வந்துவிட்டார். அவள் அடுக்களையிலிருந்து என்னைச் சைகை காட்டிக் கூப்பிட்டாள்.

"என்னங்க, அந்த மனுசன் செருப்புக் காலோட நடுவீட்ல நிக்காரு. நீங்க பாத்துக்கிட்டு இருக்கீங்க."

"சும்மா இரு. டவுன்காரவிய அப்பிடித்தான்."

"எந்த டவுன்ல? பெட்டியத் தொடுததுக்கு முன்னாடி செருப்பு போட்டிருக்கமான்னு குனிஞ்சு வேற பாக்காரு. செருப்பு என்ன பறந்தா போகும்?"

அவளுடைய கண்ணுக்கு அது பட்டது. என் கண் வேறு எங்கோ இருந்தது. கிட்டாரைத் துப்பாக்கி மாதிரிக் கண்ணருகே வைத்துக் கழுத்து நேராக இருக்கிறதா என்று பார்த்தேன். ஆணிகளைப் பார்த்தேன். யாராவது பெயரைச் சுரண்டியிருக்கிறார்களா என்று பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தேன். அவர் ஆம்பைப் போட்டு நின்றபடியே வாசித்துக் காட்டினார். பிறகு, "கட்டில்ல ஏறி நல்லா உக்காந்து வாசிங்க அண்ணாச்சி" என்றார். என் வீட்டில் எனக்கே இடம் காட்டுகிறாரே என்று நினைத்தபடி, நைலான் கட்டிலில் சம்மணம் போட்டு வாசித்தேன். அருமையான சத்தம். விலையும் படிந்தது. அது எப்படி இவ்வளவு சுலபமாகப் படிந்தது என்று அதற்கும் ஒரு சந்தேகம்.

கிளம்பும்போது வாசலில் நின்று கேட்டார்.

"இன்னைக்குக் கச்சேரி எங்கன அண்ணாச்சி?"

எனக்குச் சுருக்கென்றது. இவர் எதற்கு அதைக் கேட்கிறார்? கீபோர்டு விவகாரம் கண்முன் வந்துவிட்டது. இடத்தைச் சொன்னால் ஆளோடு வந்து நிற்பாரோ?

"சாத்தூர்ல. கல்யாண மண்டபம்" என்று கூசாமல் பொய் சொன்னேன்.

"மண்டபமா? அப்பச் சரி, அப்பச் சரி" என்று ஏதோ பாரம் இறங்கினவர் மாதிரி சிரித்துவிட்டுப் போனார்.

அந்தச் சிரிப்பும் எனக்குப் பிடிக்கவில்லை. "யாராவது வந்து கேட்டா எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிரு" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு வேனில் ஏறினேன்.

கோயிலுக்கு எதிரே கரிசல் மண்ணைக் குவித்து மேடை போட்டிருந்தார்கள். புழுதி கிளம்பக் கூடாதென்று மேடை முழுக்கக் குடம் குடமாகத் தண்ணீர் தெளித்து மெத்தென்று வைத்திருந்தார்கள். நான் ஆம்பை வைத்து, ஒயரை மாட்டி, கிட்டாரை ஒரு நாற்காலியில் சாய்த்துவிட்டு, சாமி கும்பிட இறங்கினேன். சந்நிதிக்கு நேர் எதிரே இருக்கும் மேடை. பூஜை முடிந்த பிறகு யாரும் செருப்போடு ஏற மாட்டார்கள். நானும் கழற்றிப் போட்டேன். மைக் செட்காரர் மெயின் சுவிட்சைப் போட, ஆம்பில் சிவப்பு விளக்கு எரிந்தது.

மேடையில் கால் வைக்கும்போதுதான் அவரைப் பார்த்தேன். மத்தியானம் வந்த அதே ஆள். வேர்த்து விறுவிறுத்து, கூட்டத்தைப் பிளந்துகொண்டு, என்னைப் பார்த்து இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு வருகிறார்.

நான் நினைத்தது சரியாகப் போயிற்று என்றுதான் தோன்றியது. உண்மையான சொந்தக்காரன் பின்னாலேயே வருவான் என்று எட்டிப் பார்த்தேன். கீழே நின்ற கொடைக் கமிட்டிப் பையன்களிடம், "அந்த ஆள மேடைப் பக்கம் விடாதீங்கடே, தகராறு பண்ண வாரான்" என்றேன். அவர்கள் கைகோத்து மறித்தார்கள். அவர் வாய் அசைவது தெரிந்தது. குழாய் ரேடியோவில் சாமி பாட்டு அலறியதில் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.

கிட்டாரை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டுவிட்டால் எவனும் பறிக்க முடியாது என்று தோன்றியது. ஈர மண்ணில் வெறுங்காலோடு நாற்காலியை நோக்கி ஓடினேன். கையை நீட்டினேன்.

சடாரென்று என் நெஞ்சில் ஒரு ரப்பர் செருப்பு வந்து விழுந்தது. அடுத்தது கிட்டாருக்கு முன்னால் விழுந்தது.

அம்மன் சந்நிதிக்கு எதிரே, மேடையில் நிற்கிறவன் மேல் செருப்பு! அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் அப்படியே நின்றுவிட்டேன். கூட்டம் நிற்கவில்லை.

"ஏலே, சாமி மேடையிலயா செருப்ப எறியுத? பிடிலே அவன!"

அடி விழுந்தது. சட்டை கிழிந்தது. கீழே விழுந்தும் அவர் கத்தினார். அதற்குள் யாரோ பாட்டை நிறுத்தியிருந்தார்கள்.

"அண்ணாச்சி, தொட்றாதீங்க! கரண்டு! செருப்ப மாட்டிக்கிட்டுத் தொடுங்க!"

மைக் செட்காரர்தான் முதலில் புரிந்துகொண்டார். கூட்டத்தை அதட்டி நிறுத்திவிட்டு, சட்டைப் பையிலிருந்த டெஸ்டரை எடுத்து என் கிட்டார் கம்பியில் வைத்தார். டெஸ்டருக்குள் இருக்கும் சின்ன பல்பு பளிச்சென்று எரிந்தது.



"ஆத்தா காப்பாத்திட்டா" என்றார் ஒரு பெரியவர்.

"ஆத்தா காப்பாத்துனது இருக்கட்டும் வே, மொதல்ல அந்த மனுசனத் தூக்கிவிடுங்க" என்றார் மைக் செட்காரர்.

நான் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பிளக்கைக் கழற்றிப் பார்த்தபோது விஷயம் தெரிந்தது. பிளக்கில் தடிமனாக மூன்றாவது கம்பி ஒன்று இருக்கும், பார்த்திருப்பீர்கள். பெட்டிக்குள் கரண்டு கசிந்தால் அதை மண்ணுக்குள் இறக்கிவிடுவதற்குத்தான் அந்த எர்த்துக் கம்பி. யாரோ ஒரு காலத்தில் அதை வெட்டியிருக்கிறார்கள். பெட்டிக்குள் ஒரு ஒயர் உருகித் தகரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. அந்தக் கரண்டு ஒயர் வழியாகக் கிட்டார் கம்பி வரைக்கும் வந்து நின்றது. காலில் ரப்பர் செருப்பு இருந்தாலோ, கட்டிலின் மேல் இருந்தாலோ ஒன்றும் தெரியாது. ஈர மண்ணில் வெறுங்காலோடு தொட்டிருந்தால், இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். உங்களில் இளையவன் அப்போது அம்மா வயிற்றில் இருந்தான்.

அவருக்குச் சோடா வாங்கிக் கொடுத்தார்கள். உதட்டில் இரத்தத்தைத் துடைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"ஒரு தடவ எனக்கே சுரீர்னு அடிச்சிருக்கு அண்ணாச்சி. சொன்னா வாங்க மாட்டீங்கன்னு மறச்சுட்டேன், என் தப்புதான். மண்டபம்னா செருப்பு போட்டுத்தான் வாசிப்பீங்கன்னு மனசத் தேத்திக்கிட்டேன். பஸ் ஸ்டாண்டுல கொடை போஸ்டர்ல உங்க குழு பேரு. உங்க வீட்ல கிட்டார் பெட்டியில பாத்த அதே பேரு. கோயில் மேடைன்னா வெறுங்காலுதான. உங்க வீட்டுக்கு ஓடுனேன், அவிய ஒண்ணும் தெரியாதுன்னுட்டாவ. அதான் போஸ்டர்ல பாத்த ஊரக் கேட்டுக் கேட்டு வந்தேன். கூப்புட்டாக் கேக்கல. வேற என்னத்த எறிய?"

நான் பொய் சொன்னேன் என்று அவர் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

அன்றைக்குக் கச்சேரி நடந்தது. மைக் செட்காரரின் பெட்டியிலேயே கிட்டாரைச் சொருகி வாசித்தேன். அவர் முன்வரிசையில், கிழிந்த சட்டையோடு, தாளத்துக்குத் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருடைய செருப்பில் ஒன்றைக் கூட்டத்தில் யாரோ எங்கேயோ வீசிவிட்டார்கள். கடைசியில் என் செருப்பைப் போட்டுக்கொண்டுதான் ஊருக்குப் போனார். அதன் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

இப்போதும் பழைய ஆம்போடு யாராவது வந்தால், செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் நின்று வாசித்துக் காட்டச் சொல்லுவேன். முதலில் டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகுதான். "எம்புட்டுச் சந்தேகம் அண்ணாச்சி உமக்கு" என்று சிரிப்பார்கள். ஆமாம், சந்தேகம் போகவில்லை. அதைப் பெட்டி மேலும் பிளக்கு மேலும் வைக்கப் பழகிக்கொண்டேன், அவ்வளவுதான். ஆனால் கச்சேரி எங்கே என்று யார் கேட்டாலும் ஊரையும் கோயிலையும் சேர்த்துச் சரியாகச் சொல்லிவிடுகிறேன். அடி விழும் என்று தெரிந்தே செருப்பை எறிந்த அந்த மனிதர் வாங்கிய அடியில் பாதி என் பொய்க்கு விழுந்தது என்பது, அப்படிச் சொல்லும் ஒவ்வொரு முறையும் எனக்கு நினைவுக்கு வருகிறது.