அக்காவைப் பாடிய சிந்து

ஊரே பேசுகிற மாதிரி ஒரு சாவு விழுந்தால், பத்து நாளில் அதற்கு ஒரு பாட்டுப் புத்தகம் பூந்தமல்லிக் கடைத்தெருவுக்கு வந்துவிடும். ரயில் கவிழ்ந்தால் ரயில் சிந்து, கொலை நடந்தால் கொலைச் சிந்து. விற்பவன் மூக்கால் பாடிக்கொண்டே வருவான். நானும் அக்காவும் அதற்கு அடிமை. எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். நான் படிப்பேன், அக்கா மனப்பாடம் பண்ணிவிடுவாள்.

எங்கேயோ பரிசல் கவிழ்ந்ததைப் பற்றிய சிந்துதான் எங்களுக்கு ரொம்பப் பிடித்தது. மூழ்கப்போகிற பெண் அதில், "பெற்றவளே பெற்றவளே, கைகொடுக்க வாராயோ" என்று கதறுவாள். கிணற்றடியில் குடம் கனத்தால் அக்கா அந்த அடியை மூக்கால் இழுத்துப் பாடுவாள். எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும். அடுப்படியிலிருந்து அம்மா, "எனுக்கு வேற வேல இல்ல? நீயே தூக்கினு வாடி" என்பாள். அது புத்தகத்தில் உள்ள பாட்டு என்று அம்மாவுக்குத் தெரியாது. அக்காவின் குறும்பு என்றே நினைத்திருந்தாள்.

அக்காவை வேப்பம்பட்டில் கொடுத்தோம். ஓர் ஐப்பசியில் எங்களைப் பார்க்க வந்துவிட்டுத் திரும்பியவள் மாட்டு வண்டியில் கூவத்தைக் கடக்கும்போது வெள்ளம் வந்துவிட்டது. வண்டிக்காரர், மாடு, அக்கா, யாரும் கரையேறவில்லை. அதற்கு மேல் எழுத எனக்குத் தெம்பில்லை.

கருமாதி முடிவதற்குள் சிந்து வந்துவிட்டது. யாரோ ஒரு புண்ணியவான் அதை வாங்கி வந்து அம்மாவின் கையிலேயே கொடுத்தான். அட்டையில் அதே பரிசல் படம். உள்ளே பாட்டும் அதேதான். ஊர்ப் பெயரை மாற்றி, பரிசல் இருந்த இடத்தில் வண்டியைப் போட்டிருந்தான் அச்சுக்காரன், நாசமாய்ப் போகிறவன்.

"படிடி" என்றாள் அம்மா. படித்தேன். அந்த அடி வந்தது. சிரிப்பதற்காகவே தேடிப் பிடித்துப் படித்த அடி. யாருக்கோ எழுதியது என்று தெரிந்தும் தேம்பித் தேம்பி அழுதேன்.

அம்மா அழவில்லை. "இப்டித்தாண்டி கூப்டுவா அவ. கெணத்தாண்ட நின்னுகினு இதே வார்த்ததான். கரையில நின்னவன் எவனோ கேட்டுட்டு வந்து சொல்லிக்கீறான்" என்றாள்.

பழைய புத்தகம் அரிசிப் பானைக்குப் பின்னால்தான் இருந்தது. காட்டியிருக்கலாம். காட்டினால் மகளின் கடைசி வார்த்தை அம்மாவுக்கு இல்லாமல் போய்விடும். தனியாக எடுத்துப் படித்துப் பார்த்தேன். ஓர் எழுத்துகூட மாறவில்லை. எந்த இடத்தில் சிரித்தோம் என்றுதான் தெரியவில்லை. அந்தப் பரிசல் பெண்ணுக்கும் ஒரு தாய் இருந்திருப்பாள் என்று அன்றைக்குத்தான் தோன்றியது. புத்தகத்தை அடுப்பில் போட்டேன்.

அவசரப்பட்டுவிட்டேன். அதற்கப்புறம் மழை பிடித்தாலே அம்மா சிந்தைப் படிக்கச் சொல்வாள். "அது அச்சுக்காரன் புளுகும்மா, எல்லா சாவுக்கும் அதையேதான் போடறான்" என்று தாங்கமாட்டாமல் ஒருநாள் சொல்லிவிட்டேன்.

"எம் பொண்ணு கொரலு எனுக்குத் தெரியாதா?" என்றாள்.

எதைக் காட்டி மறுப்பேன்? மறுபடி படித்தேன். அந்த அடி வந்ததும் அம்மா என்னை நிறுத்தினாள். தன் கையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீயே தூக்கினு வாடின்னு சொல்லிட்டேனேடி" என்றாள்.